எல்லையிடுமுன் உசாவுதல்: நெடுந்தீவுத் தேசியப் பூங்காவை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கிடக்கும் தீவுகளுள் நெடுந்தீவு பாலமோ தாம்போதியோ எட்டாத தொலைவில் உள்ளது. வேலணையையும் புங்குடுதீவையுங் கடந்து குறிகட்டுவான் துறையை அடைந்தபின் கடல்வழியாகவே அங்குச் செல்லுதல் கூடும். பசுத்தீவு என்பது அதன் பழம்பெயர்களுள் ஒன்று. போர்த்துக்கேயரும் தம் மொழியிற் ‘பசுக்களின் தீவு’ எனப் பொருள்படும் பெயராலேயே அதனைக் குறித்தனர். பின்வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை அதற்கு இட்டமையால், டெல்வ்ற் என்னும் பெயர் இன்றும் அலுவலகத் தாள்களில் வழங்கி வருகின்றது. கால்நடையாற் பெயர்பெற்ற இத்தீவின் 1,846 ஹெக்டேயர் நிலம் 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வர்த்தமானி அறிவித்தலினால் தேசியப் பூங்காவாயிற்று. தீவின் முழுப் பரப்பும் ஏறத்தாழ ஐம்பது சதுரக் கிலோமீற்றரே ஆகலின், அதன் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நிலம் ஒரு நாளில் வேறொரு சட்டநிலையை அடைந்தது என்க. அதே மாதத்திற் சுண்டிக்குளம், மடு வீதி, ஆதாம் பாலம் ஆகியனவும் தேசியப் பூங்காக்களாயின. அடுத்த ஆண்டில் விடத்தல்தீவும் நாகர்கோவிலும் இயற்கை ஒதுக்ககங்களாயின.

புள்ளும் விலங்கும் மரமும் காக்கப்படல் வேண்டும் என்பதிற் கற்றோர்க்குள் இருவேறு கருத்து இல்லை. நிலத்தை வகுத்து நோக்கிய தொல்காப்பியர் அந்நிலத்துத் தெய்வத்தையும் உணவையும் விலங்கையும் மரத்தையும் மக்கள் செய்யுந் தொழிலையும் கருப்பொருள் என ஒரே தொகுதியில் அடக்கினார் என்பதை நம் மாணவர் நன்கறிவர். நவீன காப்பகச் சட்டமோ விலங்கையும் மரத்தையும் ஒருபுறமாகவும் தொழிலை மறுபுறமாகவும் பிரித்து நடுவே ஒரு கோடு கீறுகின்றது. அக்கோட்டினைக் கீறுமுன் அங்கு வாழ்வோரை உசாவுதல் கடமையாமோ, ஆமெனின் யாரை, எப்பொழுது, எவ்வாறு உசாவுதல் தகும் என்பதே இக்கட்டுரையிற் கருதப்படும் பொருள்.

முதலிற் சட்டத்தின் நிலையைக் காண்பாம். இலங்கையிற் காப்பகங்கள் யாவும், வனத் திணைக்களத்தின் காடுகள் ஒழிய, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைவன. அச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டபோதிலும் அதன் அடிப்படை மாறவில்லை. அமைச்சர் வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்தவளவில் நிலம் காப்பகமாகின்றது. சரணாலயம் என்பது ஒருவகை; அதனுள் தனியார் காணிகளும் இருக்கலாம், மக்களும் வாழலாம், விலங்குகளுக்கு ஊறு செய்தல் மாத்திரமே பெரும்பாலும் தடுக்கப்படும். தேசியப் பூங்கா பிறிதொரு வகை. அரச காணியே தேசியப் பூங்காவாதல் கூடும். அனுமதியின்றி அதனுள் எவரும் புகுதலாகாது. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டு முதற் சரணாலயமாக இருந்து 2015இல் விரிவாக்கப்பட்டுத் தேசியப் பூங்காவாயிற்று. பெயரளவிற் சிறுமாற்றம் போலத் தோன்றும் இது, அங்குள்ள களப்பில் இறால் பிடிப்போனுக்கு ‘இரு’ என்பதற்கும் ‘அனுமதி பெற்று வா’ என்பதற்கும் உள்ள வேற்றுமையாகும்.

அரச காணி என்னுஞ் சொல்லிலேயே சிக்கல் தொடங்குகின்றது. தனியார் நிலத்தை அரசு எடுக்கும்போது 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி அறிவித்தல் கொடுத்து ஆட்சேபம் கேட்டல் வேண்டும். உறுதி உடையவன் கேட்கப்படுகின்றான். ஆனால், தரவைக்கு உறுதி எழுதியவர் யார்? தீவகத்தில் எவ்வூரிலும், எம்மூராகிய சரவணையிலும் ஆகுக, மாடுகள் மேயும் தரவை ஒருவர்க்கும் உரியதன்று. ஆயின் ஒருவர்க்கும் அன்னியமானதுமன்று. பயிர்க்காலத்தில் மாட்டைக் கட்டிவைத்தலும், அறுவடை முடிந்தபின் அவிழ்த்துவிடுதலும் எழுதாத வழக்கினால் நடப்பன. விறகு பொறுக்குதல், காவோலை எடுத்தல், வலை உலர்த்துதல் ஆகியனவும் அவ்வாறே. எழுத்தில் இல்லாத இவ்வுரிமைகள் அரச காணி என்னும் ஒரு தலைப்பின்கீழ் மறைந்துவிடுகின்றன. மறைந்தபின் அவை உரிமையாக இரா. அலுவலர் ஒருவரின் இரக்கமாகவே எஞ்சும். அவ்வலுவலர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அவ்விரக்கமும் அவரோடு செல்லும்.

வடபகுதியில் இப்பிரகடனங்கள் வெளிவந்த காலத்தையும் மறத்தலாகாது. போர் 2009இல் முடிந்தது. அதன்பின் மத்திய சுற்றாடல் அதிகாரசபை, அனர்த்த முகாமைத்துவ நிலையம் முதலியன ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் துணையோடு வடமாகாணத்துக்கென ஒருங்கிணைந்த சூழல் மதிப்பீடொன்றை நடத்தி, 2014இல் அதனை வெளியிட்டன. எங்கே வீதி அமைக்கலாம், எங்கே கட்டடம் எழுப்பலாம், எதனைத் தொடாது விடல் வேண்டும் என முன்கூட்டியே வரைபடத்தில் வகுக்க முயன்றமை பாராட்டத்தக்கதே. ஆயினும், மதிப்பீடு நடந்த ஆண்டுகள் இடம்பெயர்ந்தோர் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்டுகள். வன்னியில் ஆளற்றுக் கிடந்த வயல்களையும் குடிமனைகளையும் அதற்கிடையிற் பற்றை மூடியிருந்தது. மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு அது காடு. திரும்பி வந்தவனுக்கோ பாட்டன் வெட்டிய கிணறு இருக்கும் இடம். போரின் பின் நிலத்தை இழந்த நினைவு மாறாத ஒரு சமூகத்தில், எந்தத் திணைக்களம் எக்கோட்டைக் கீறினும் அது நிலம் பறித்தலாகவே ஐயுறப்படும். அவ்வையம் ஒவ்வோரிடத்தும் நியாயமானதென யாம் கூறவில்லை. அதனைத் தீர்க்கும் வழி உசாவுதலன்றி வேறில்லை என்றே கூறுகின்றோம்.

ஆதிக்குடிகளை உசாவுதல் பற்றிய பேச்சு நமக்குப் பொருந்துமோ என ஒருவர் வினவலாம். இலங்கையில் ஆதிக்குடிகள் எனப்படுவோர் வேடர். அவர்க்கு நேர்ந்ததை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. மகாவலி அபிவிருத்தியோடு தொடர்புற்று 1983ஆம் ஆண்டு நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேனெடுத்து வாழ்ந்த காடு அவர்க்குத் தடைப்பட்ட இடமாயிற்று. பலர் எனானிகல முதலிய குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டு நெற்காணி கொடுக்கப்பட்டனர். முதுதலைவர் திசாகாமி தம்மவர் சிலரோடு தம்பானையை விட்டகல மறுத்துவிட்டார். அவர் மகன் வன்னில அத்தோ 1996இல் செனீவா சென்று, ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடிகள் பற்றிய செயற்குழுவின் முன் தம் குறையை எடுத்துரைத்தார். தம் காட்டைப்பற்றித் தம்பானையிற் கேட்கப்படாத ஒருவர் கடல்கடந்து சென்று அதனைச் சொல்ல நேர்ந்தது. வாகரை, வெருகற் பகுதிகளிற் கடலோர வேடர் எனப்படுவோர் தமிழே பேசி நம்மோடு கலந்து வாழ்கின்றனர். அவரைப்பற்றி யாழ்ப்பாணத்தார் நினைப்பதும் அரிது.

நெடுந்தீவார் இப்பொருளில் ஆதிக்குடிகள் அல்லர். அங்ஙனம் உரிமை கோரவும் வேண்டியதில்லை. 1992ஆம் ஆண்டின் உயிர்ப்பல்வகைமைச் சமவாயம் தன் எட்டாம் உறுப்புரையில் ஆதிக்குடிகளையும் மரபுவழி வாழும் உள்ளூர்ச் சமூகங்களையும் சேர்த்தே குறித்து, அவர்தம் அறிவையும் வழக்கையும் மதித்துப் பேணல் வேண்டுமென்கின்றது. இலங்கை 1994இல் அதனை ஏற்றுறுதி செய்தது. ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கும் இலங்கை ஆதரவாகவே வாக்களித்தது. சுதந்திரமாக, முன்கூட்டி, விவரமறிந்து அளிக்கும் இசைவு என்பது அப்பிரகடனத்தின் உயிர்ச்சொல். மூன்று அடைகளுள் ‘முன்கூட்டி’ என்பதே பெரிதும் மறக்கப்படுவது. வரைபடம் அச்சேறியபின் மண்டபத்தில் மக்களைக் கூட்டி அதனைச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டுதல் அறிவித்தலேயன்றி உசாவுதல் ஆகாது.

இனி, நெடுந்தீவாரிடம் உசாவுதற்கு என்ன இருக்கின்றது என்பதைக் காண்பாம். பூங்காவைப்பற்றிப் பேசுவோர் முதலிற் கூறுவது அங்குள்ள குதிரைகளையே. அவை காட்டுக்குதிரைகள் எனப்படினும் இயற்கையிற் காட்டு விலங்குகள் அல்ல. போர்த்துக்கேயர் காலத்தும் ஒல்லாந்தர் காலத்தும் கொணர்ந்து வளர்க்கப்பட்டு, ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் பேணப்பட்டு, பின்னர்க் கைவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. குதிரை இலாயங்களின் இடிபாடுகள் இன்றும் அங்கு உள. ஆகவே, இப்பூங்காவின் சிறப்புடைய விலங்கே மனிதர் கையால் வந்தது. மனிதரோடு ஒரே கட்டாந்தரையில் நூற்றாண்டுகளாக வாழ்ந்தது. வீட்டுமாடும் ஆடும் மட்டக்குதிரையும் ஒரே புல்லைக் கறித்து ஒரே நீரைக் குடித்து வந்துள்ளன. மனிதரை நீக்கிவிட்டால் ‘இயற்கை’ தன்பாட்டில் எஞ்சும் என்னும் எண்ணம் வேறெங்குப் பொருந்தினும் நெடுந்தீவுக்குப் பொருந்தாது.

நீரே அத்தீவின் முதன்மையான வினா. ஆறில்லை, மலையில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை நீர் முருகைக்கற் பாறையின் பொந்துகளில் ஊறி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய ஆடைபோல் மிதந்து நிற்கின்றது. ஆழத் தோண்டினால் உப்பு ஏறும். மிகுதியாக இறைத்தாலும் உப்பு ஏறும். எவ்விடத்துக் கிணறு எம்மாதத்தில் உவராகும், எத்துரவு ஆவணி வரை தாங்கும் என்பன எந்தத் திணைக்களத்தின் கோப்பிலும் முற்றாக இல்லை. நீர் அள்ளும் பெண்களிடமும் பட்டி வைத்திருப்போரிடமும் உண்டு. வறட்சி மிக்க ஆண்டுகளிற் குதிரைகள் தாகத்தால் மடிந்த செய்திகளைப் பத்திரிகைகளிற் பலமுறை கண்டுள்ளோம். அவை எவ்வழியே நீர்தேடி வரும், எத்தொட்டியிற் குடிக்கும், எதனை அஞ்சி விலகும் என்பதை அறிந்தவர் அங்குள்ளவரே.

இவ்வறிவு வெறுஞ் செவிவழிச் செய்தியன்று. கல்லில் எழுதப்பட்டது என்றே கூறலாம். நெடுந்தீவின் காணி எல்லைகள் முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய மதில்களாலானவை. கால்நடை பயிருள் புகாது தடுத்தலும், நிலத்திற் கிடக்குங் கல்லை அகற்றி மண்ணைப் பண்படுத்தலும், கடற்காற்றை மறித்தலும் அம்மதில்களால் ஒருங்கே நிறைவேறுகின்றன. தீவகத்திலும் குடாநாட்டிலும் பழைய கேணிகளின் அருகே ஆவுரஞ்சிக்கல் நட்டிருப்பதை நாம் காண்கிறோம். நீர் குடித்த பசு உடலைத் தேய்த்துக்கொள்ளுதற்கென ஒரு கல்லை நட்ட சமூகத்துக்கு விலங்குகளின்மேற் பரிவு கற்பிக்கப் பிறர் வரவேண்டுமோ? வளர்ந்துவரும் நம் நகரங்களில் அக்கற்களைப் பிடுங்கி எறிந்து வீதி அகலித்தவர்களும் நாமே என்பதையும் ஈண்டுச் சொல்லாது விடுதல் முறையன்று.

மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். கட்டற்ற மேய்ச்சல் புற்றரையை அழிக்கும். வறண்ட நிலத்தில் ஆடு பெருகினால் இளஞ்செடி தலையெடாது. குதிரைகளைப் பிடித்து விற்க முனைவோரும், கடற்கரை மணலை அள்ளுவோரும், மதிற் கற்களைக் கட்டடத்துக்கு எடுப்போரும் உள்ளூர் மக்களாகவும் இருக்கலாம். ஆதலின், ஊரவர் சொல்வன யாவும் சரியெனக் கொள்ளுதல் உசாவுதலின் நோக்கமன்று. வனசீவராசிகள் அலுவலர் அறிந்த கணக்கும் மேய்ப்போன் அறிந்த கணக்கும் ஒரே மேசையில் வைக்கப்படல் வேண்டும் என்பதே நோக்கம். ஒன்றை மற்றது திருத்தும். ஒரு பக்கத்தார் மாத்திரம் பேசும் மேசையில் அவ்வாய்ப்பு இல்லை.

யாரை உசாவுதல் என்பது எளிய வினாவன்று. இதற்கு நம் வரலாற்றிலேயே படிப்பினை தரும் எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களைத் தொகுக்குமாறு ஒல்லாந்த ஆள்பதி சைமன்ஸ் 1706இற் கட்டளையிட்டார். நெடுங்காலம் இங்கு வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அவற்றைத் தொகுத்து 1707ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடித்தார். அத்தொகுப்புத் தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது; அவர்கள் ஆராய்ந்து இசைவளித்தபின்னரே அது தேசவழமைச் சட்டமாக வழங்கலாயிற்று. அந்நிய ஆட்சியினர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், மக்கள் மொழியில் எழுதி மக்களுள் அறிந்தோரிடம் காட்டி இசைவு பெற்றனர் என்பது வியக்கத்தக்கதே. ஆயினும், அச்சட்டத்திற் பேசப்படும் அடிமைகளை எவரும் உசாவவில்லை. பெண்களின் சீதனம் பற்றி விரிவாக விதித்த அந்நூலுக்குப் பெண் ஒருவரிடமும் இசைவு கேட்கப்படவில்லை. பன்னிரண்டு முதலியார்களின் தலையசைப்பு ஊரின் சம்மதமாகக் கொள்ளப்பட்டது. இன்றும் சங்கத் தலைவரும் கோயில் அறங்காவலரும் ஓய்வுபெற்ற அதிபரும் முன்வரிசையில் அமர்ந்து தலையசைத்தால் கூட்டம் நிறைவேறிவிடுகின்றது. பட்டி மேய்ப்பவனும் சிறுவலைக்காரனும் பனந்தொழிலாளியும் பின்வரிசையில் நிற்பர், அல்லது கூட்டத்துக்கே வாரார். நிலத்தை நாள்தோறும் மிதிப்பவர் அவரே.

இனி, எம்மவர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் கனடாவின் வடபுலத்துக்குச் சற்றுச் செல்வோம். அங்கே கிறேற் சிலேவ் என்னும் பேரேரியின் கீழ்க்கரையில் லுட்செல் கே என்னுஞ் சிற்றூரில் தெனே மக்கள் வாழ்கின்றனர். அவர் நிலத்திற் பூங்கா அமைக்க விரும்பிய அரசு 1970இல் 7,400 சதுரக் கிலோமீற்றர் அளவான நிலத்தை அதற்கென ஒதுக்கிவைத்தது. தம் வேட்டையும் மீன்பிடியும் தடைப்படுமென அஞ்சிய ஊரவர் அப்போது இசையவில்லை. அரசு வற்புறுத்தவில்லை, ஊரவரும் மறந்துவிடவில்லை. பின்னர்ச் சுரங்கத்தொழில் அப்பகுதியில் நெருங்கி வந்தபோது காப்பகம் தமக்கும் அரணாகலாம் என ஊரவர் தாமே கருதிப் பேச்சைப் புதுப்பித்தனர். பல்லாண்டுப் பேச்சின்பின், ஊர்மக்கள் வாக்களித்து இசைந்தபின், 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. தைடெனே நெனே, அஃதாவது முன்னோர் நிலம் என்பது காப்பகத்தின் பெயர். பரப்பு 26,000 சதுரக் கிலோமீற்றருக்கு மேல். வேட்டையும் மீன்பிடியும் அவர்க்கு உரிமையாகவே நின்றன. ஆட்சி கூட்டாட்சி. காவலர் ஊரவர். அரசு பாதி, ஊரவர் திரட்டியது பாதியாக மூன்று கோடி டொலர் வைப்பு நிதியும் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை மதிக்கப்பட்டமையாலேயே ஆம் என்னும் விடை வந்தது என்பது எம் கருத்து. வந்த விடையும் முதலிற் கேட்டதிலும் மும்மடங்கு பெரிதாயிற்று.

அந்நாட்டின் மேற்குக் கரைக்கப்பாலுள்ள ஹைடா தீவுக்கூட்டத்தின் கதை வேறொரு வகையிற் சுவையுடையது. மரம் வெட்டுதலை எதிர்த்து 1985இல் ஹைடா மக்கள் மறியல் செய்தனர். குவாய் ஹானாஸ் என்னும் காப்பகம் பற்றி 1993இல் அரசோடு உடன்படிக்கை எழுதியபோது, நிலம் யாருடையது என்பதில் இரு பக்கத்தாரும் ஒருமைப்படவில்லை. அதனால் எழுத்து நின்றுவிடவில்லை. ஒரே தாளில் இரு நிரல்கள் வகுத்து, நிலம் எம்முடையது என ஹைடாக்கள் ஒன்றிலும், அரசினுடையது என அரசு மற்றதிலும் எழுதி, கருத்து வேறாயினும் காத்தலை ஒன்றாகச் செய்வோம் என அதன்கீழ் ஒப்பமிட்டனர். நிலவுரிமை வழக்குத் தீரும்வரை காப்பும் இல்லை, பேச்சும் இல்லை என்று இருபுறத்தாரும் முகந்திருப்பி நிற்கும் இடங்களில் இவ்விரு நிரல்களை நினைத்தல் தகும்.

அண்மையிலும் எடுத்துக்காட்டுகள் உள. தமிழ்நாட்டின் எல்லையை அடுத்த பிலிகிரி ரங்கன் மலை 2011இற் புலிகள் காப்பகமாயிற்று. அதே ஆண்டில் அங்கு வாழும் சோளகர், இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டப்படி, காட்டின்மீது தம் சமூகவுரிமையை எழுத்திற் பெற்றனர். புலிகள் காப்பகத்தினுள் இத்தகைய உரிமை ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. நமக்கு நேர் எதிரேயுள்ள மன்னார் வளைகுடாவில் 1986இல் இருபத்தொரு தீவுகள் கடற் பூங்காவினுள் அடக்கப்பட்டபின், அத்தீவோரங்களிற் பாசி எடுத்து வாழ்ந்த பெண்கள் நெடுங்காலம் குற்றவாளிகள்போல் விரட்டப்பட்டனர். பின்னர் அப்பெண்கள் தாமே கூடி, பாசி எடுக்கும் நாள்களையும் முறையையும் வரையறுத்துக்கொண்டனர்.

உசாவாது கீறிய கோட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு: அதனை உசாவாதே அழிக்கவும் முடியும். 2016இல் இயற்கை ஒதுக்ககமாகிய விடத்தல்தீவின் ஒரு பகுதியை நீருயிரின வளர்ப்புக்கென விடுவித்து 2024இல் வர்த்தமானி வெளிவந்தது. சூழற்காப்பு அமைப்புகள் உயர் நீதிமன்றஞ் சென்று இடைக்காலத் தடை பெற்றன. ஊரோடு எழுதிய உடன்படிக்கை இருந்திருப்பின், அதனை முறித்தற்கு முன் ஊரின் முகத்தை நோக்கவேண்டியிருந்திருக்கும். உலகின் நிலத்திலும் கடலிலும் முப்பது விழுக்காட்டை 2030க்குள் காப்புக்குட்படுத்துவதென 2022 டிசெம்பரில் மொன்றியல் மாநகரில் நாடுகள் இசைந்துள்ளமையால், வடபகுதியிற் புதிய கோடுகள் இன்னும் வரவே செய்யும்.

நெடுந்தீவில் எல்லை முன்னரே இடப்பட்டுவிட்டது. ஆயினும், முகாமைத் திட்டம் என ஒன்று காலந்தோறும் எழுதவேண்டியது. உசாவுதலுக்கு அவ்வாயில் என்றுந் திறந்தே உள்ளது. அதற்கான கூட்டம் ஆவணியில், நீர் வற்றி எல்லாரும் துரவடியில் நிற்குங் காலத்தில், படகு திரும்பும் நேரத்துக்கு அஞ்சி முடித்துவிடாது, தீவிலே இரவு தங்கி நடத்தப்படல் வேண்டும். அலுவலரின் வரைபடத்தில் இலக்கங்களுக்குப் பதிலாகத் துரவுகளின் பெயரும் தரவைகளின் பெயரும் ஊரவர் சொற்படி எழுதப்படல் வேண்டும். வரைபடமும் விதிகளும் தமிழில், வீட்டுக்கு எடுத்துச்சென்று வாசித்துப் பார்க்கும்படி, ஒரு மாதம் முன்னரே கொடுக்கப்படல் வேண்டும். எந்த மாதங்களில் எத்தனை மாடு எதுவரை மேயலாம், குதிரைகளுக்கு நீர் நிரப்பும் வேலையும் கூலியும் யாருக்கு, பார்வையாளரிடம் பெறுங் கட்டணத்தில் தீவுக்கு எவ்வளவு என்பன எழுத்தில் வரல் வேண்டும். தீவகப் பாடசாலைகளின் உயர்தர மாணவர் துரவுகளின் உவர்ப்பை மாதந்தோறும் அளந்து குறித்துவைப்பாராயின், அக்குறிப்பேடு அம்மேசையில் இரு பக்கத்தாருக்கும் பயன்படும். அதற்கு வேண்டிய கருவி விலைமிக்கதன்று, எம் பாடசாலை ஆய்வுகூடங்களிலும் வைத்துக்கொள்ளத் தக்கதே.